வெள்ளைப் பிட்டமும் பிளந்த வாலும்: மட்டக்களப்பு வானில் உழவாரன்களைப் பிரித்தறிவது எப்படி

நான் தொலைபேசிக் கோபுரங்களில் ஏறி அன்டெனா பூட்டுகிறவன். ஊர் ஆரையம்பதி. வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை எங்கே வேலை வந்தாலும் போவேன். பறவை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தரையில் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். கோபுரத்தின் உச்சியில் பெல்ட்டில் தொங்கிக்கொண்டு நட்டு முறுக்கும்போது உழவாரன்கள் (ஆங்கிலத்தில் ஸ்விஃப்ட்) என் காலுக்குக் கீழே பறக்கின்றன, முதுகு முழுக்கத் தெரிகிறது. உழவாரன்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க உதவும் அடையாளங்களில் முக்கியமானது முதுகில்தான் இருக்கிறது. எனவே கோபுரம் ஏறாதவர்களுக்கு இதை எழுதுகிறேன். அனுமதி இல்லாமல் யாரும் கோபுரத்தில் ஏறவும் வேண்டாம். அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் சொல்கிறேன்.

தேடப்போவது பசிபிக் உழவாரனை. சைபீரியாவின் நடுப்பகுதியிலிருந்து கம்சட்கா, ஜப்பான் வரை கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் தொடங்கியதும் தென்கிழக்கு ஆசியா, இந்தோனேசியா வழியாக அவுஸ்திரேலியா வரை போகிற பறவை. நம்முடைய தீவு அந்தப் பாதைக்கு மேற்கே ஒதுங்கிக் கிடக்கிறது. ஆகவே இது ஆண்டுதோறும் ஒக்டோபரில் வந்து இறங்குகிற விருந்தாளி அல்ல. ஆனால் வழிதவறுவதில் இந்தப் பறவை பேர்போனது. 1981 ஜூனில் ஒன்று வட கடலில் ஒரு எரிவாயு மேடையில் களைத்துப்போய் இறங்கியிருக்கிறது. அங்கே வேலை செய்தவர்கள் பிடித்து, ஹெலிகொப்டரில் இங்கிலாந்துக் கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஐரோப்பாவில் அந்த இனம் பதிவானது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை பறவையியலாளர் யாருக்கும் போகாமல் மேடை வேலைக்காரர்களுக்குப் போனதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

அங்கே போய்ச் சேர்ந்த பறவை வங்காள விரிகுடாவைத் தாண்டி இங்கே வராது என்று யாரும் அடித்துச் சொல்ல ஏலாது. வந்தால் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் குறுக்குவழி கிடையாது: நம் வானில் தினமும் பறக்கிறவற்றை முதலில் கண்ணுக்குப் பழக்க வேண்டும்.

கம்பியில் இருப்பதைக் கழித்துவிடுங்கள்

ஒக்டோபர் பிறந்தால் கல்முனை வீதியோர மின்கம்பிகளில் வரிசையாக வந்து குந்துகிறவை தகைவிலான்கள். வடக்கேயிருந்து வருகிற சாதாரணத் தகைவிலானுக்குத் தொண்டையும் நெற்றியும் செம்பழுப்பு, முதுகு கருநீலம். அடிவயிறும் பிட்டமும் (முதுகு வாலோடு சேரும் இடம்) செம்பழுப்பாக இருந்தால் அது நம் நாட்டுக்கே உரிய இலங்கைத் தகைவிலான். இரண்டையும் ரசியுங்கள், ஆனால் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உழவாரன் கம்பியில் குந்தாது, கிளையில் குந்தாது, தானாக நிலத்தில் இறங்கவும் இறங்காது. கால்கள் அவ்வளவு குட்டை. பசிபிக் உழவாரன் சேர்ந்த பேரினத்தில் நான்கு விரல்களும் முன்பக்கம் பார்த்தபடி இருக்கும். சுவரையோ பாறையையோ பற்றித் தொங்கத்தான் அந்தக் கால். ஆகவே குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டால் மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு, அம்பாறைப் பக்கத்துக் காட்டோரங்களில் பட்டுப்போன மரக்கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் கொண்டை உழவாரன். அது மர உழவாரன் என்ற வேறு குடும்பம். கிளையின் மேல் சின்னஞ்சிறு கூடு ஒட்டி, அதில் ஒரே ஒரு முட்டை இடும். லகுகலைப் பக்கம் போகிறவர்கள் பட்ட மரங்களின் உச்சியை ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள்.

பறக்கும்போது இறக்கையைப் பாருங்கள். தகைவிலானின் இறக்கை நடுவில் மடங்குவது தெரியும். உழவாரனின் இறக்கை தாக்கத்தி போல ஒரே வளைவு, மடிப்பே தெரியாது. மேற்கை எலும்பு மிகக் குட்டையாகி, கைப்பகுதி எலும்பு நீண்டு போனதால் அப்படி. வேகமாகச் சில தடவை அடிக்கும், பிறகு இறக்கையை விறைப்பாக நீட்டி வழுக்கிக்கொண்டு போகும். நாலைந்து மாலைகள் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் ஒட்டிவிடும்.

பார்வைக்கு இவ்வளவு ஒத்திருந்தாலும் இரண்டும் சொந்தமே இல்லை. தகைவிலான் காகம், சிட்டு, மைனா எல்லாம் அடங்கிய பாசரிஃபோர்மீஸ் வரிசையைச் சேர்ந்தது. உழவாரனோ அப்போடிஃபோர்மீஸ் வரிசை. அதன் கிட்டிய சொந்தம் அமெரிக்கக் கண்டங்களில் பூவுக்குப் பூ நின்று தேன் குடிக்கிற ரீங்காரச் சிட்டு. பறக்கும் பூச்சியை வாயைத் திறந்து பிடிக்கிற ஒரே தொழில் இரண்டு வெவ்வேறு வம்சங்களுக்கு ஒரே உருவத்தைக் கொடுத்துவிட்டது. பழைய பெரியவர்களுக்கும் இது குழப்பமாகத்தான் இருந்திருக்கிறது. 1758இல் லின்னேயஸ் ஐரோப்பிய உழவாரனைத் தகைவிலான் பேரினமான ஹிருண்டோவில் போட்டார். ஸ்கோப்போலி 1777இல் ஏபஸ் என்று தனிப் பேரினம் வகுத்தார். அதற்குப் பிறகும், 1801இல் ஜோன் லேதம் பசிபிக் உழவாரனை முதன்முதலாக விவரித்தபோது அதற்கு வைத்த பெயர் ஹிருண்டோ பசிபிக்கா. இப்போது அது ஏபஸ் பசிபிக்கஸ்.

இரண்டு பேரை மனப்பாடம் செய்யுங்கள்

பனை உழவாரன், நாட்டு உழவாரன். இந்த இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற அளவுக்குப் பழகிவிட்டால் வேலை முக்கால் பங்கு முடிந்தது. ஏனென்றால் பசிபிக் உழவாரனின் அடையாளம் இரண்டு: வெள்ளைப் பிட்டம், ஆழமாகப் பிளந்த வால். பனை உழவாரனுக்கு வால் பிளந்திருக்கும், பிட்டம் வெள்ளை இல்லை. நாட்டு உழவாரனுக்குப் பிட்டம் வெள்ளை, வாலில் பிளவு இல்லை. இரண்டும் ஒரே பறவையில் சேர்ந்து வந்தால்தான் நெஞ்சு படபடக்க வேண்டும்.

பனை உழவாரனைப் பார்க்க எங்கும் அலைய வேண்டாம். கரையோரத்தில் பனங்கூடல் இருக்கும் எந்த ஊரிலும் இருக்கும். ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர் நீளம், உடம்பு முழுக்க மங்கிய கபிலம், மிக ஒல்லி. வாலை மூடியே வைத்திருக்கும், அதனால் ஒற்றைக் கூராகத் தெரியும். திரும்பும்போது மட்டும் வால் விரிந்து பிளவு தெரியும். பனையோலையின் அடிப்பக்கத்தில் பறக்கும் பஞ்சையும் இறகையும் உமிழ்நீரால் ஒட்டிக் கூடு கட்டும். முட்டையையும் அந்தக் கூட்டிலேயே உமிழ்நீரால் ஒட்டிவிடும். காற்றில் ஓலை என்ன ஆட்டம் ஆடினாலும் முட்டை விழாது. தொங்குகிற காவோலையை வெட்டுவதற்கு முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், பறவை போய்வந்துகொண்டிருந்தால் சில கிழமை பொறுத்து வெட்டலாம். இந்தப் பறவை இடம்பெயர்வதில்லை. பனை நிற்கும்வரை அதுவும் நிற்கும்.

நாட்டு உழவாரன் ஊர்ப் பறவை. பழைய கட்டடங்களின் கூரையோரம், பாலத்தின் அடி, கோயில் கோபுரத்து மாடம் போன்ற இடங்களில் கூட்டமாகக் கூடு கட்டும். 12 சென்ரிமீற்றர்தான் இருக்கும், கறுப்பு, தொண்டை வெள்ளை, பிட்டம் பளிச்சென்ற வெள்ளை. அந்த வெள்ளை பக்கவாட்டிலும் சற்று வழிந்திருப்பதால் கீழே நின்று பார்த்தாலும் விளிம்பு தெரியும். வாலை முழுதாக விரித்தால் விளிம்பு வட்டமாகிவிடும், மற்ற நேரம் சதுரம். மாலையில் ஒரு கூட்டம் ஒன்றாகச் சேர்ந்து கீச்சிட்டபடி வட்டமடித்தால் பெரும்பாலும் இவைதான்.

கோபுரத்தில் என்னோடு ஏறுகிற தம்பி ஒருவன் ஒருநாள் கேட்டான்: "அண்ணே, எல்லாம் ஒரே கறுப்புத்தானே, என்னத்தப் பிரிக்கிற?" கீழே காட்டி, "முதுகில வெள்ளை இருக்கிறத எண்ணு, மத்தத விடு" என்றேன். அன்றைக்கு வேலை முடிந்து இறங்குவதற்குள் அவனே பிரித்துச் சொல்லத் தொடங்கிவிட்டான். உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன். கூட்டத்தில் ஒவ்வொரு பறவையாகப் பிட்டம், வால், பிட்டம், வால் என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அல்பைன் உழவாரன் இவற்றை விட மிகப் பெரியது, 20 சென்ரிமீற்றருக்கு மேல். வயிறு வெள்ளை, தொண்டை வெள்ளை, நடுவே கபிலப் பட்டி. ஐரோப்பாவில் இருப்பவை ஆபிரிக்காவுக்கு வலசை போகின்றன. சுவிற்சர்லாந்து ஆய்வாளர்கள் சிறு கருவி பொருத்திப் பார்த்து, அவை 200 நாட்கள் தரை தொடாமல் பறந்ததாக 2013இல் வெளியிட்டார்கள். இலங்கையில் இருப்பவை இங்கேயே பாறை முகடுகளில் வாழ்கிறவை. இந்தியக் குறு உழவாரன் சிறியது, கபிலம், எங்குமே வெள்ளை கிடையாது, குகைகளில் கூடு கட்டும், இருட்டில் டிக் டிக் என்று ஒலியெழுப்பி அதன் எதிரொலியால் வழி கண்டுபிடிக்கும். கபில முதுகு ஊசிவாலன் மலைக்காட்டுப் பக்கத்தது, எல்லாவற்றிலும் பெரியது, வாலடியில் வெள்ளை. அதன் வேகத்தைக் கண்டு வியந்து முடிப்பதற்குள் அது போய்விடும்.

எங்கே நிற்பது, எப்போது நிற்பது

கோபுரத்துக்குப் பதில் பாலம். கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலத்தின் பக்கத்தில் இப்போது புதிய பாலமும் நிற்கிறது. பறவைகள் வாவியின் மேல் தாழப் பறக்கிற நாளில் பாலத்தின் நடுவில் நின்றால் அவற்றின் முதுகைப் பார்க்கலாம். முழுநிலவில் மீன் பாடுவதைக் கேட்க எல்லோரும் காது கொடுத்துக்கொண்டு நிற்கிற அதே இடம்தான். நீங்கள் அந்திக்கு முன்னாலேயே போய்விடுங்கள். வாகனத்துக்கு வழி விட்டு நடைபாதையில் நிற்க வேண்டும், பைனாகுலரைக் கண்ணில் வைத்தபடி ஒரு அடியும் நகரக் கூடாது.

அம்பாறையில் என்றால் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தின் அணைக்கட்டுப் பக்கம் நல்லது. ஒருபுறம் நீர், மறுபுறம் பள்ளம், பள்ளத்தின் மேல் பறப்பவை உங்கள் கண்மட்டத்துக்கு வரும். மட்டக்களப்பில் கால் வலிக்கும் என்று பயமில்லாதவர்கள் குடும்பிமலை ஏறலாம். 530 மீற்றருக்குச் சற்று மேல். மலை உச்சியின் பக்கவாட்டில் எழும் காற்றோடு பூச்சிகளும் மேலே வரும், பின்னாலேயே பறவைகளும் வரும். வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுகிற மாதிரிக் கிளம்புங்கள்.

முகத்துவாரத்து வெளிச்சவீட்டடியும் நான் விரும்பும் இடம். அங்கே உயரம் கிடைக்காது, ஆனால் கடலிலிருந்து வருகிற எதுவானாலும் முதலில் கரையைத்தான் தொடும். வழிதவறி வந்த ஒன்றைப் பார்க்கும் வாய்ப்பு உள்நாட்டை விடக் கரையில் கூடுதல் என்பது என் கணிப்பு.

காலம் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. அதிலும் இரண்டு சமயங்களைத் தவற விடாதீர்கள். ஒன்று, பிற்பகல் இடிமழைக்கு முன் வானம் கறுக்கும் நேரம். மேகத்தின் விளிம்பில் காற்று பூச்சிகளை வாரிக்கொண்டு வரும், உயரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இரை தேடிய உழவாரன்கள் அந்த விளிம்போடு சேர்ந்து தாழ வரும். அவுஸ்திரேலியாவிலும் பசிபிக் உழவாரன்கள் இப்படித்தான் மழைமேகங்களின் முன்னணியோடு நகர்கின்றன என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஆனால் இடி கேட்கத் தொடங்கியதும் பாலத்தையும் மலையையும் விட்டு இறங்குங்கள். அந்த விஷயத்தில் நான் யாரோடும் வாதம் பண்ணுவதில்லை, என் தொழில் அப்படி. மற்றது, மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பும் நேரம். ஈசல் எழும்பும் இடத்துக்கு மேலே பாருங்கள், அந்தப் பகுதியின் உழவாரன்கள் எல்லாம் அங்கே இருக்கும்.

வங்காள விரிகுடாவில் புயல் சுற்றிவிட்டுப் போன பிறகு வருகிற முதல் இரண்டு மூன்று நாட்களும் முக்கியம். நம் பகுதியில் நவம்பர் டிசம்பர் அதற்கான மாதங்கள், 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. உயிர், வீடு, கூரை எல்லாவற்றையும் பார்த்த பிறகு நேரம் இருந்தால் வானத்தையும் பாருங்கள்.

வேளாண்மைக் காலத்தில் வட்டைப் பக்கம் போகிறவர்களும் கவனிக்கலாம். பயிருக்கு மேலே பறந்தெழும் சிறு பூச்சிகள், தத்திகள் உழவாரன்களுக்கு இரை. மருந்து அடித்த வயலுக்கு மேலே வானம் வெறிச்சோடிக் கிடப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கருவிகள்

பைனாகுலர் 8க்கு 42 போதும். பத்து மடங்கு வாங்கினால் பெரிதாகத் தெரியும், ஆனால் பார்க்கும் வட்டம் சுருங்கும், இந்த வேகத்துக்குப் பறவையை அதற்குள் பிடித்து வைக்க முடியாது. முதலில் தொலைவிலுள்ள கோபுரம் ஒன்றின் மேல் ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கண்ணால் பறவையைப் பிடித்து, பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்குங்கள். பைனாகுலரால் வானத்தைத் துழாவினால் கழுத்து வலிதான் மிச்சம்.

கமரா இருந்தால் ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 2000இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக. வெளிர் வானத்தின் முன் பறவை வெறும் கறுப்பு நிழலாகிவிடும், அதனால் வெளிச்ச அளவை ஒரு படி கூட்டி எடுங்கள். வானம் வெளுத்துப் போனாலும் பரவாயில்லை, பிட்டம் தெரிய வேண்டும். மங்கலான படமானாலும் அழிக்காதீர்கள். திரும்பும் நொடியில் வால் விரிந்த ஒரு மங்கல் படம், அழகான பத்துப் படத்தை விடப் பெறுமதியானது.

இரண்டு அடையாளமும் சேர்ந்து வந்தால்

சரி, வெள்ளைப் பிட்டமும் பிளந்த வாலும் ஒரே பறவையில் கண்டுவிட்டீர்கள். முதலில் வயிற்றைப் பாருங்கள். அடிப்பக்கம் முழுக்க வெள்ளையென்றால் அது வீட்டுத் தகைவிலான், அதற்கும் வெள்ளைப் பிட்டமும் பிளந்த வாலும் உண்டு. பசிபிக் உழவாரனுக்குத் தொண்டை மட்டும் வெளிறிய சாம்பல், மற்றபடி அடிப்பக்கம் கறுப்பு. கிட்டத்தில் பார்த்தால் வயிற்றில் வெளிர் விளிம்புகள் செதில் செதிலாகத் தெரியும்.

அடுத்தது அளவு. பசிபிக் உழவாரன் 17 முதல் 18 சென்ரிமீற்றர், எடை 45 கிராம் அளவு, ஏபஸ் பேரினத்தில் பெரியவற்றில் ஒன்று. பக்கத்தில் நாட்டு உழவாரன் பறந்தால் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் பறக்கும் பறவையின் அளவை வானத்தில் மதிப்பிடுவது நம்பத்தக்கதல்ல.

இங்கேதான் பொறுமை தேவை. உடனே "பசிபிக்" என்று எழுதிவிடாதீர்கள். முன்பு ஒரே இனமாக வைத்திருந்ததை 2011இல் வந்த ஆய்வுக்குப் பிறகு நான்காகப் பிரித்துவிட்டார்கள். பசிபிக் உழவாரன் ஒன்று. திபெத்திய மேட்டுநிலத்தின் கிழக்கில் வாழும் சலீம் அலி உழவாரன் இரண்டாவது, 1958இல் பறவையியலாளர் டேவிட் லாக் அந்தப் பெயரை வைத்தார். மூன்றாவது இமயமலையடிவாரத்துப் பிளைத் உழவாரன். நான்காவது தென்கிழக்கு ஆசியாவின் சுண்ணாம்புக் குகைகளில் கூடு கட்டும் குக் உழவாரன்.

நமக்குத் தொல்லை தருவது பிளைத் உழவாரன். அது இமயமலையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் இந்தியத் தீபகற்பத்துக்குள் இறங்குகிறது. அங்கிருந்து நமக்குக் கடல் ஒரு தூரமே இல்லை. தூரத்தை வைத்துப் பார்த்தால் இங்கே வருகிற வெள்ளைப் பிட்டமுள்ள பிளந்தவாலன் பிளைத்தாக இருக்கவே கூடுதல் வாய்ப்பு என்று நான் நினைக்கிறேன். பிளைத் சற்றுச் சிறியது, பிட்டத்தின் வெள்ளைப் பட்டி ஒடுங்கியது, வாலின் பிளவும் ஆழம் குறைவு. பசிபிக்குக்குப் பட்டி அகலம், வால் நீளம். முதுகு தெரிகிற இடத்தில் நில்லுங்கள் என்று இவ்வளவு நேரம் வற்புறுத்தியது இதற்காகவும்தான், பட்டியின் அகலத்தைக் கீழே நின்று அளக்க வழியில்லை.

அந்த இடத்திலேயே குறிப்பெழுதுங்கள். நேரம், காற்றின் திசை, எந்தப் பறவைகளோடு பறந்தது, பட்டி அகலமா ஒடுக்கமா, வாலின் பிளவு, தொண்டை, வயிறு. தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள். வீட்டுக்கு வந்து படம் பார்த்த பிறகு எழுதினால் பார்த்ததும் படித்ததும் கலந்துவிடும். பறவை பார்க்கிறவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் (eBird) செயலியில் பதிவு செய்யலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கும் அனுப்பலாம். இனம் உறுதியில்லை என்றால் "பசிபிக் அல்லது பிளைத்" என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

கீழே விழுந்து கிடந்தால்

மழைக்காலத்தில் உழவாரன் ஏதாவது முற்றத்தில் விழுந்து கிடப்பதுண்டு. கால் குட்டை, இறக்கை நீளம், சமதரையிலிருந்து எழும்புவது அதற்குப் பெரும்பாடு. இறக்கை ஒடிந்திருக்கிறதா, இரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். காயம் இருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காயம் இல்லாவிட்டால் காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டிக்குள் பழந்துணி விரித்து, பூனையும் பிள்ளைகளும் எட்டாத இடத்தில் மழை விடும்வரை வைத்திருங்கள். சோறு, பாண் எதுவும் கொடுக்காதீர்கள், வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

பிறகு வளவுக்கு வெளியே, கம்பியும் மரமும் இல்லாத திறந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். கையை விரித்துத் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கையில் பறவையைக் காற்று வருகிற திசையைப் பார்க்க வைத்துக்கொண்டு காத்திருங்கள். மேலே எறியாதீர்கள், அதற்கு நேரம் வந்தால் தானே போகும். சிலது உடனே போகும், சிலது கொஞ்ச நேரம் உடம்பை நடுக்கிச் சூடேற்றிக்கொண்டு போகும். காத்திருக்கும் அந்த நேரத்தில் முதுகு உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். பட்டியின் அகலத்தைப் பார்த்து, மற்றக் கையால் ஒரு படமும் எடுத்துவிடுங்கள்.